வீடியோவில் எழுதக்கூடாத மருந்து

மழை இப்படிக் கொட்டும் என்று தெரிந்திருந்தால் டிஜோ தலை சீவியிருக்கவே மாட்டான்.

அருமனையை நெருங்கும்போது பைக் இருமியது... செருமியது... நின்றேவிட்டது. ரப்பர் தோட்டத்து ஓரமாக, ஷீட் காயப்போடும் ஷெட் ஒன்று. ஓடி ஒதுங்கினான். பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நனைந்த நீலச் சுடிதார்... அதற்கு மேலே இரண்டு கண்கள்!

இமையில் ஒரு மழைத்துளி, விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. டிஜோவின் நெஞ்சும் ஏறக்குறைய அதே நிலைமையில்தான் இருந்தது.

"சவத்து மழை!" என்றாள் அவள்.

அந்தக் குரல்! மூன்று மாதமாகச் செவ்வாய்தோறும் வீடியோவில் கேட்கிற குரல். அபினா சிஸ்டர்! குணமாக்க முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கே போய் வலியைத் தணிக்கும் நர்ஸ். அவள் டேப்லெட்டைப் பிடித்துக் காட்ட, இரணியலில் ஓர் ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்து மருந்து சொல்லும் டாக்டர் இவன். மலையோர நெட்வொர்க்கின் புண்ணியத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் கட்டம் கட்டமாகத்தான் தெரிவார்கள்.

அவள் அவனுடைய தோள் பையைப் பார்த்தாள். "மெடிக்கல் ரெப்பா? எங்க டாக்டரத் தேடி வந்தியளோ? அவரு கடவுள் மாதிரி... நேர்ல வரமாட்டாரு."

"அ... அப்படியா?" மழை இரைச்சலில் அவன் குரல் பாதி அமுங்கிப்போனது.

"யோவான் அண்ணன் வலியில துடிக்காரு, கேட்டியளா? மார்பின் எழுதுங்கன்னேன். வீடியோவுல பாத்து மார்பின் எழுதப்பிடாது, அரசாங்க ரூலு, நேர்ல பாக்கணும்ங்காரு. செரி, நேர்ல வரப்பிடாதா? காலுல ஆணியா?"

நேற்று "நாளைக்கே வாறேன்" என்று அவன் சொல்வதற்குள் நெட்வொர்க் செத்துவிட்டிருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது வாயைத் திறந்தான். ஆனால் திட்டும்போது அந்தக் கண்கள் இன்னும் அழகாக இருந்தன... ஒரே ஒரு திட்டு கூடக் கேட்டுக்கொண்டால் என்ன?

"குரல் மட்டும் தேன் மாதிரி இருக்கும். மனசு முழுக்க ரூலு!" என்றவள், "நீங்க எங்க போணும்?" என்றாள்.

"யோவான் அண்ணன் வீட்டுக்கு." தோள் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தான். "நான்தான்... அந்தக் கடவுள்."

இமைத்துளி விழுந்தது.

"இவ்வளவு நேரமும் வேடிக்கை பாத்துட்டு நின்னியளா?" முகம் சிவந்து, பிறகு இறுகியது. "வண்டியில ஏறுங்க... டாக்டர்."

அந்த 'டாக்டர்', கதவைச் சாத்தித் தாழ் போட்டதுபோல் இருந்தது. ஸ்கூட்டர் கொட்டும் மழையிலேயே யோவான் வீட்டுக்குக் கிளம்பியது.

வீட்டு வாசலிலேயே யோவானின் மனைவி செல்லத்தாய் பதறினாள். "ஐயோ டாக்டரே, சொல்லிட்டு வரப்பிடாதா? அவருக்கு வெள்ளைச் சட்டைகூடப் போட்டுவிடல்லியே! முகத்துக்குப் பவுடரும் போடல்ல!"

டிஜோவுக்கு உறைத்தது. செவ்வாய்தோறும் அந்த வெள்ளைச் சட்டை... "எப்படி இருக்கீங்க?" "சுகம் டாக்டரே." கோயிலுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சுகம்!

இப்போது பழைய பனியனோடு சுருண்டு கிடந்தார் யோவான். ரப்பர் பால் வெட்டிய அந்தக் கை, கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது.

"டாக்டர் முன்னால முனகுறது... மரியாதை இல்லல்லா..."

"எங்க வலிக்கி அண்ணா? இங்கயா?"

கை பட்டதும் அந்த மனிதர் குழந்தைபோல் அழுதார். டிஜோ பொறுமையாகச் சோதித்தான். சீட்டு எழுதி, கையோடு கொண்டுவந்த முதல் மாத்திரையைத் தானே விழுங்கக் கொடுத்தான். பிறகு கட்டில் பக்கத்திலேயே காத்திருந்தான்.

மெல்ல மெல்ல... ஒவ்வொரு விரலாகக் கட்டிலை விட்டது.

"ஏட்டி... ஒரு கட்டஞ்சாயா போடு" என்றார் யோவான். செல்லத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுக்களைக்கு ஓடினாள்.

வெளியே, ஓட்டுக்கூரையின் கீழே அபினா நின்றிருந்தாள். மழை தூறலாகியிருந்தது.

"எத்தனையோ மட்டம் சொன்னேன், அவருக்கு வலி தாங்கல்லன்னு. நீங்க அந்த வெள்ளைச் சட்டையைத்தான் நம்புனீங்க."

"தப்புதான். நானும் அப்படித்தானே? வீடியோவுல மேல இஸ்திரி போட்ட சட்டை... கீழ கைலி."

சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தாள். உதடு கேட்கவில்லை.

"ஷெட்டுல ஏன் சொல்லல்ல?"

"நீங்க திட்டுறத கட்டம் இல்லாம முழுசாப் பாக்கணும்னு இருந்துச்சு..." டிஜோ ஈரத்தலையைத் தடவிக்கொண்டான். "இந்த மழையில வந்தது யோவான் அண்ணனுக்காக. ஆனா... தலை சீவிட்டு வந்தது உங்களுக்காக. மூணு மாசமா சொல்ல நினைக்கேன். மார்பின் மாதிரி, இதையும் வீடியோவுல சொல்லப்பிடாதுன்னு நானே ஒரு ரூலு போட்டுக்கிட்டேன்."

அவள் குனிந்துகொண்டாள். துப்பட்டா நுனியைத் திருகினாள்... விட்டாள்... மறுபடி திருகினாள்.

"செல்லத்தாய் அக்கா அண்ணனுக்குப் பவுடர் போடும்போது... அதே கண்ணாடியில நானும் கண்மை போடுவேன். எல்லாச் செவ்வாயும்." குரல் மழையைவிட மெல்லியதாக இருந்தது. "அதும் உங்களுக்குக் கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சிருக்கும். பாவி நெட்வொர்க்!"

"இப்ப தெரியுது."

"இப்பதான் மழையில எல்லாம் கரைஞ்சு போச்சே..."

"ஆனாலும் தெரியுது, அபினா."

சிஸ்டர் இல்லாமல், வெறும் அபினா... அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

உள்ளே இருந்து யோவானின் குரல் வந்தது. தெளிவாக, திடமாக, பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் குறும்பாக.

"பிள்ளைகளா, உள்ள வந்து பேசுங்க... பாதிதான் கேக்குது!"