சுடாத டம்ளர்

அரசாங்க மருந்துச்சாலையில் அப்போத்திக்கரியாக இருந்து ஓய்வுபெற்ற ஸஹாப்தீனின் கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் வெள்ளையம்மா வந்து நின்றபோது காலை ஒன்பது மணி.

“மருந்தத் திருடிட்டேன்னு டாக்டரய்யா சொல்றாருங்க. பொலிஸ்ல குடுத்துட்டா நாளைக்கு எம் மக ஆப்பரேசன் நின்னுரும். இனாமா வயித்தக் கீறித் தாறேன்னவரே அவருதாங்க.”

வெள்ளவத்தையில் தனியாக வசிக்கும் சர்ஜன் பெரியதம்பியின் ஆராய்ச்சி ஆடுகளுக்குத் தீனி வைப்பவள் அவள். நரம்பு அடிபட்டு நொண்டும் ஆறு ஆடுகள். நோவகெயின் ஊசி போட்டால் கால் மரத்து வலி அடங்கும். நேற்று பெரிய டொக்டர்மார் பார்க்க வந்தார்கள். ஊசி போட்டும் ஆடுகள் கதறின. போத்தலில் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர். மருந்து அலுமாரிச் சாவி வெள்ளையம்மாவிடம் இருந்தது.

“சாவி வெச்சிருந்தவதான் கள்ளி, மச்சான்,” என்றான் பௌஸி. ஸஹாப்தீனின் மனைவியின் தம்பி. துப்பறிவதில் தனக்கு மிஞ்சி ஆளில்லை என்று அவனுக்கு நினைப்பு. மூவரும் ஏறிய பஸ் வெள்ளவத்தை போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

சர்ஜன் தம் கையாலேயே பித்தளை டம்ளரில் தேநீர் கொடுத்தார். பௌஸி தொட்டவுடனே மேசையில் வைத்துவிட்டு விரலை ஊதினான். சர்ஜனோ தம்முடையதை வலக்கையில் பொத்திப் பிடித்தபடி கதைத்துக்கொண்டிருந்தார்.

ஸஹாப்தீன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். “ஆட்டுக்கு இதிலயிருந்து எத்தன ஊசி, டொக்டர்?”

“ஆறு.”

“ரப்பர் மூடியில முப்பது ஓட்டைக்கு மேல ஈக்கி. மூடி கழறவும் இல்ல. ஊசியால உறிஞ்சி, ஊசியாலேயே தண்ணி ஏத்தி ஈக்கி. இது ஊசி பிடிச்சுப் பழகின கை. இந்த வீட்டுல அப்படி ஒரு கைதான் ஈக்கி. டம்ளர வெச்சிட்டு உள்ளங்கையக் காட்டுங்க.”

சர்ஜன் கையை விரித்தார். அந்த உள்ளங்கை முழுக்கப் பழையதும் புதியதுமாகக் கொப்புளங்கள். மணிக்கட்டில் ஊசி குத்திய புள்ளிகள்.

“போன வருஷம் கார் கதவில நசிஞ்ச கை,” என்றார் சர்ஜன். “நரம்பு நெருப்பா எரியுது. ஊசி போடாமல் இருக்கேலாது. நேற்று வந்த டொக்டர்மாருக்குக் கள்ளரெண்டு ஆரையாவது காட்ட வேண்டியதாப் போச்சுது.”

“மரத்த கைக்குக் கத்தி எங்க நிக்கிதெண்டு தெரியுமா, டொக்டர்?”

வெள்ளையம்மாவைக் கள்ளி என்ற வாயைப் பௌஸி பொத்திக்கொண்டான். பழி நீங்கியதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்தக் கையையே பார்த்தபடி நின்றாள்.

“நாளைக்கு எம் மக வயித்த இந்தக் கையாலயா அய்யா கீற இருந்தீங்க?”