எதிரே உட்கார்ந்தவன்

அன்று சாயங்காலம் முதல் வெட்டிலேயே மிசாவோவின் வாள் எதிலோ பட்டது.

பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. வெட்டிப் பழகுவதற்காகத் தண்ணீரில் ஊறவைத்த பாய்ச்சுருளை வெட்டிக் கடக்கும்போது கைப்பிடிக்குள் ஓடிவருமே ஒரு மெல்லிய தடை, அது. ஆனால் எதிரே பாய்ச்சுருளும் இல்லை, மனிதரும் இல்லை. பயிற்சிக்கூடத்தின் வெறும் பலகைத் தரைதான். கையில் இருந்ததோ கூர் தீட்டாத பயிற்சி வாள்.

ஒரு காலை ஊன்றி முன்னால் நகர்ந்து, தலைக்குமேல் ஓங்கி, இரண்டாவது வெட்டை இறக்கினாள். ரத்தத்தைச் சிந்துவதுபோல் வாளை ஒருமுறை உதறி உறையில் செருகினாள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. உள்ளங்கை மட்டும் ஈரமாகிவிட்டிருந்தது.

“இன்னிக்கு நல்லா வெட்டினே,” என்றார் வாத்தியார் ஒனோதெரா. “உன் ஆளு எனக்கே கண்ணுல தெரிஞ்சான்.”

பக்கத்தில் வாளைத் துடைத்துக்கொண்டிருந்த ஷிகெமி விடுவாளா? கடைத்தெருவில் டோஃபு விற்பவள், வாயும் கடைத்தெரு வாய். “ஆளு எப்படி வாத்தியாரே? கூரையேறிப் பனி தள்ளுவானா? தள்ளுவான்னா வெட்டாதடி மிசாவோ. கட்டிக்கோ.”

மிசாவோவும் சிரித்தாள். வாளில் பட்டதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த வாள்வித்தையில் எதிராளி கிடையாது. தனியாக மண்டியிட்டு உட்கார வேண்டும். எதிரே ஒருவன் அதேபோல் உட்கார்ந்திருப்பதாக மனதில் நிறுத்த வேண்டும். அவன் கை வாளுக்குப் போகும்போது, அவனுக்கு முந்தி உருவ வேண்டும். எதிரியைப் பார்க்காமல் வீசினால் அது ஈ ஓட்டுவது என்பார் ஒனோதெரா. ஆரம்பத்தில் மிசாவோ வருஷக்கணக்கில் ஈதான் ஓட்டினாள். மணமுறிவுக்குப் பிறகு செண்டாய் நகரத்திலிருந்து மாற்றல் வாங்கி இந்த மலையூர்த் தபால் நிலையத்துக்கு வந்தவள் அவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வருகிறவர்கள் தபால்தலையைப் பார்ப்பார்கள், எடைக்கருவியைப் பார்ப்பார்கள், வெளியே விழும் பனியைப் பார்ப்பார்கள். வீட்டில் ஒரு கிண்ணம் மிசோ சூப், ஒரு ஜோடி உணவுக் குச்சிகள், தொலைக்காட்சியில் யாரோ சிரிக்கும் சத்தம். இப்படியே குளிர்காலங்கள் போகப் போக, கூடத்தில் அவளுக்கு எதிரே இருந்த வெற்றிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் ஆள் தேறினான். ஒல்லியான ஆள். வெளுத்துப்போன நீல அங்கி. மோவாய்க்குக் கீழே சவரம் செய்யும்போது பட்ட சின்னக் கீறல். அவன் அவளையேதான் பார்ப்பான். அந்த ஊரில் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்த ஒரே ஜீவன் அவன்தான். வாரம் மூன்று நாள் அவனைக் கொன்றாள். மறுமுறையும் வந்துவிடுவான்.

ஜனவரியில் பனி கொட்டியது. கூரையில் பனி தள்ளப்போன ஒனோதெரா வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து, நகரத்து மருத்துவமனையில் படுத்தார். வகுப்புகள் நின்றன. கூடத்துக்குப் பக்கத்து வீடு மிசாவோவுடையது என்பதால் சாவி அவளிடம் வந்தது. தினமும் அங்கே மண்ணெண்ணெய்க் கணப்படுப்பை மூட்டிக் கொஞ்ச நேரம் எரியவிட்டால் மரத்தில் ஈரம் ஏறாது, அவ்வளவுதான் வேலை. அவளோ தபால் நிலையம் மூடியதும் பயிற்சி உடையோடு போய்விடுவாள்.

முதல் நாள், அவள் மனதில் அழைப்பதற்கு முன்பே அவன் உட்கார்ந்திருந்தான்.

அவள் பயப்படவில்லை. காத்திருந்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. எதிரே போய் உட்கார்ந்தாள். அவன் கை நகர்ந்தது, அவள் உருவினாள். நெற்றியில் குறுக்கே ஒன்று, உச்சியிலிருந்து நேராக ஒன்று. வாளை உதறும்போது, கனமான ஏதோ சாய்ந்த அதிர்வு பலகை வழியாக அவள் முழங்காலுக்கு வந்தது. கூரையிலிருந்து பனி சரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பனி அசையாமல் கிடந்தது.

அடுத்த நாள் வந்தவனின் நெற்றியில் குறுக்கே ஒரு கோடு இருந்தது. உச்சியிலிருந்து மூக்குவரை இன்னொன்று.

முந்தைய நாள் அவள் வெட்டியவை.

கோடுகள் ஆறவில்லை. ஓரம் மட்டும் வெளுத்து, ஊறிய காகிதம்போல் பிரிந்திருந்தன. அன்றும் வெட்டினாள். வெட்டாமல் இருக்கக் கை பழகியிருக்கவில்லை. அதற்கு மறுநாள் கோடுகள் நான்கு. கூடத்தில் மண்ணெண்ணெய் வாடையை மீறி இன்னொரு வாடை எழுந்தது. மழையில் நனைந்த இரும்புக் கெட்டிலின் வாடை. வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் அது அவள் கூந்தலில் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஷிகெமி தபால் நிலையத்துக்கு வந்து, ஒரு டப்பா டோஃபுவைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினாள்.

“என்னடி இது மூஞ்சி? பேயறைஞ்ச மாதிரி இருக்கே. இன்னிக்கு எங்க வீட்டுக்கு வா. என் வீட்டுக்காரர் மீன்குழம்புக்கு அடுப்பு வெச்சிருக்கார். சுத்தி உக்காந்து சாப்பிடலாம்.”

“இன்னிக்கு முடியாதுக்கா. கூடத்துல அடுப்பு மூட்டணும்.”

“மூட்டிட்டு வாயேன். அங்கே யாரு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா?”

மிசாவோ டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். ஷிகெமி ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு, “சரி, குழம்பு எடுத்து வெக்கிறேன். எப்ப வேணா வா,” என்று சொல்லிவிட்டுப் பனியில் இறங்கிப் போனாள்.

அன்று அவன் வாளைத் தொடவில்லை.

இரண்டு கைகளும் தொடைமேல் இருந்தன. முகத்தில் முகமென்று சொல்ல அதிகம் மிச்சமில்லை, கண்கள் மட்டும் இருந்தன. அவை அவளைப் பார்த்தன. கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை. வெளிக்கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்பவன்போலப் பார்த்தன. வாளை உறையிலிருந்து நெகிழ்த்த அதன் கைக்காப்பைத் தள்ளிய மிசாவோவின் கட்டைவிரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பிறகு குனிந்து வணங்கி, “மன்னிச்சிடுங்க,” என்றாள். கூடத்தில் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மருத்துவமனைக்குத் தொலைபேசினாள்.

“வாத்தியாரே, ஒரு சந்தேகம். எதிர்ல இருக்கிறவன் வாளை எடுக்கலேன்னா என்ன செய்யணும்?”

“எடுக்கலேன்னா நாமளும் எடுக்கக்கூடாது. இதென்ன கேள்வி? உன் ஆளு சோம்பேறியாயிட்டானா?” அவர் சிரித்தார், சிரித்ததில் கால் வலித்து முனகினார். “ஏம்மா, எல்லா முறையும் செய்யறியா? இடது, வலது, பின்னால?”

“இப்ப முன்னால மட்டும்தான்,” என்றாள்.

“முன்னால இருக்கிறவனையே கட்டிக்கிட்டு அழுவியா? பின்னாலேயும் ஒருத்தன் உக்காந்திருக்கான். அவனை இத்தனை நாளா சும்மா விட்டு வெச்சிருக்கே,” என்றார் விளையாட்டாக. “சரி, நர்சம்மா வந்துட்டாங்க. வெக்கிறேன்.”

அது உண்மைதான். பின்னால் இருப்பவனுக்கான முறையில் சுழன்று திரும்பும்போதே வெட்டு விழுந்துவிடும். வகுப்பில் அப்படி ஆயிரம் தடவை வெறும் காற்றைத்தான் வெட்டியிருக்கிறாள். அவனுக்கு ஒரு முகம் கொடுக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மறுநாள் கம்பிகளைப் பனி அழுத்தி ஊர் முழுக்க மின்சாரம் போயிருந்தது. போகாமல் இருந்திருக்கலாம். தபால் நிலையத்திலிருந்து வரும் வழியில் ஷிகெமி வீட்டு ஜன்னலில் மெழுகுவத்தி வெளிச்சமும் மூன்று நான்கு தலைகளும் தெரிந்தன. மிசாவோ அதைக் கடந்து நடந்தாள். ஒரு முடிவு எடுத்திருந்தாள். இனி அவனை வெட்டப்போவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் போதும்.

கதவருகே அடுப்பை மூட்டினாள். அதன் சிவப்பு வெளிச்சம் தரையெல்லாம் நீளமாகப் படர்ந்தது. அவன் இருந்தான். அடுப்புக்கு முதுகு காட்டி அவனெதிரே மண்டியிட்டாள். இடுப்பிலிருந்து வாளை உறையோடு எடுத்து வலப்பக்கம் வைத்தாள். சட்டென்று உருவ முடியாத பக்கம் அது. உன்னை நம்புகிறேன் என்று சொல்லும் பக்கம்.

“இனிமே இல்லை,” என்றாள். “வலிச்சிருக்கும்.”

அவன் உதடுகள் இருந்த இடம் அசைந்தது. வெளியே பனி ஓசைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. அடுப்புத் திரி பொசுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அந்தக் கூடத்தில் அவளுக்குத் தோள்கள் தளர்ந்தன. கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

அப்போது அவன் பார்வை விலகியது.

அவளிடமிருந்து. அவள் தோளுக்கு மேலே.

மெல்ல உயர்ந்தது. உட்கார்ந்திருப்பவர் ஒருவர் எழுந்திருப்பதைப் பார்க்கும் பார்வை.

பின்னால் துணி உரசியது. ஒரு பாதம் பலகையில் பதிந்தது. அவசரமே இல்லாமல்.

முதுகில் அடுப்பின் சூடு குறைந்தது. நடுவே ஏதோ மறைத்தது.

மிசாவோ திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. வலக்கை பழக்கத்தில் இடப்பக்கம் வாளைத் தேடியது. பலகைதான் தட்டுப்பட்டது.

அவளுக்கு முன்னே தரையில் அவள் நிழல் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னாலிருந்து இன்னொரு நிழல் வளர்ந்தது. ஒரு முழங்கால் ஊன்றியிருந்தது. கை இடுப்புக்குப் போனது. பிழையே இல்லாத அசைவு. ஒனோதெரா பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

எதிரே இருந்தவன் இரு கைகளையும் தரையில் ஊன்றினான். சிதைந்த நெற்றி பலகையைத் தொடும்படி அவளை வணங்கினான்.

காற்று ஒருமுறை விசுக்கென்றது.

வலிக்கவில்லை. மிசாவோ நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தரையில் அவள் நிழலின் தலை மட்டும் தோளிலிருந்து மெல்லச் சரிந்து, முன்னால் உருண்டு, வணங்கிக் கிடந்தவனின் கைகளுக்கு நடுவே போய் நின்றது.

கழுத்தைத் தொட்டுப் பார்க்க அவள் கையைத் தூக்கவில்லை.