புளியமரத்தின் மேல் நீலம்

"அம்மாவக் கண்ணால பாக்கவே வுட மாட்டேங்கிறான் சார். உசுரோட கீதான்னே தெரியல!"

ஒரகடத்திலிருந்து வந்த கங்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து அழுதாள். துப்பறியும் நடேசன் அவளைப் பேசவிட்டார். உதவியாளர் பிரவீனாவுக்கோ அப்போதே ஜீப்பைக் கிளப்பக் கை பரபரத்தது.

கங்காவின் தாய் மீனம்மாள் நாற்பது வயதுவரை சுண்ணாம்பு அடிக்கும் கூலி. யாரும் கற்றுத்தராமல், மிஞ்சிய பெயிண்டால் பேக்கிங் பலகைகளில் மாடும் மரமும் வரையத் தொடங்கியவள். டீக்கடையில் மாட்டியிருந்த ஒன்றை ஓர் அமெரிக்கர் வாங்கிப் போனார். இந்த 1991-இல் அவள் படங்கள் அந்த நாட்டுக் கண்காட்சிகளில் தொங்குகின்றன. ஏஜென்ட் சிவசங்கர் அவளை மறைமலை நகரில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான்.

"எப்படி வரைவாங்க?" என்றார் நடேசன்.

"செவுத்துக்கு அடிக்கிற மாதிரிதான். மேலேர்ந்து கீழ. வானம் மொதல்ல, புல்லு கடைசில. எறங்கிட்டா திரும்ப மேல பிரஷ் வெக்காது. 'ஒழுகினா இன்னா, அது மேலதான அடுத்த கலரு'ன்னு சிரிக்கும்."

மதியம் மூவரும் மறைமலை நகர் போனபோது சிவசங்கர் வாசலை மறித்து நின்றான். வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"அம்மா மாடியில தூங்கறாங்க. காலையிலகூட வரைஞ்சாங்களே, பாருங்க!"

கூடத்துச் சுவரில் சாய்த்திருந்த பலகையைக் காட்டினான். அதில் ஒரு புளியமரம். பெயிண்ட் இன்னும் காயவில்லை. பிரவீனாவுக்குப் போன மூச்சு திரும்பியது.

"நல்லாத்தான் இருக்காங்க சார்!"

நடேசன் குனிந்து பார்த்தார். வானத்து நீலம் ஒரு சொட்டு ஒழுகி, இலைகளின்மேல் கோடாக இறங்கியிருந்தது.

"பிரவீனா, இந்த நீலம் பச்சைக்கு அடியிலதானே இருக்கணும்?"

பிரவீனாவும் பலகையருகே குனிந்தாள். "மரத்த வரைஞ்சுட்டு அப்புறம் வானம் அடிச்சிருக்காங்க... அப்போ இது அவங்க வரைஞ்சதில்ல!"

"சிவசங்கர், நீங்களே பிரஷ் எடுக்கற அளவுக்கு அந்தம்மா கைக்கு என்ன ஆச்சு?"

அவன் பார்வை மாடிக் கதவின் பூட்டுக்குப் போய்த் திரும்பியது.

"வாதம் சார்... வலது பக்கம் விழுந்துடுச்சு. வெளிய தெரிஞ்சா அமெரிக்கா ஆர்டர் போயிடும்னு..."

"டாக்டராண்டகூட இட்டுகினு போலியாடா, பாவி!" கங்கா மாடிக்கு ஓடினாள்.

பிரவீனா ஜீப்பிலிருந்து எடுத்து வந்த கடப்பாரையால் பூட்டைப் பெயர்த்தாள். இருட்டில், பாயில், கோணிய வாயோடு மீனம்மாள் கிடந்தாள். கண்கள் மட்டும் அசைந்தன. பேச முயன்றாள், சத்தம்தான் வந்தது. இடது கை மெல்ல நீண்டு கங்காவின் முந்தானையைப் பற்றியது.

ஜீப்பில் ஏற்றும்போதும் அந்தப் பிடியைப் பிரிக்க முடியவில்லை. மகளையும் சேர்த்தே ஏற்றினார்கள்.