பின்சுருவின் வயிற்றில் ஈரம்

கூரை எங்கும் ஒழுகவில்லை. ஆனாலும் கோயில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த, நோய் தீர்க்கும் பின்சுரு சாமியின் மரச்சிலையில் வயிறு மட்டும் ஈரமாக இருந்தது.

ஜப்பானின் ஷிகோகு தீவிலுள்ள எண்பத்தெட்டுக் கோயில்களையும் நடந்தே சுற்றக் கிளம்பி அது இருபத்தோராம் நாள். கெய்சோவின் வயிற்றுக் கட்டியை இனி அறுக்க முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு, கால் உள்ளவரை நடந்து பார்ப்போம் என்று மனைவி கினுயோவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டவர் அவர். கணக்கில் சேராத இந்தச் சின்ன மலைக்கோயிலுக்கு மழைக்கு ஒதுங்கத்தான் வந்தார்கள்.

நோவு உள்ள இடத்தைச் சிலையில் தடவிவிட்டு, அதே கையால் தன் உடம்பில் தடவிக்கொள்ள வேண்டும். எத்தனை தலைமுறை உள்ளங்கைகள் பட்டனவோ, பின்சுருவின் மூக்கு மழுங்கி, கண்கள் வெறும் பள்ளமாகி, சாயம் போன மரத்தில் பிசுக்கு ஏறிக் கிடக்க, அந்தப் பிசுக்கில் யாருடைய நரைமுடியோ ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. முப்பது வருடம் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தவள் கினுயோ. சிலையின் வாடை அவளுக்குத் தெரிந்ததுதான். நெடுநாள் படுத்துக் கிடந்தவரின் தலையணை உறை.

“என்னங்க, தொடாதீங்க. குமட்டுது.”

“இத்தனை கோயில்ல தொட்டாச்சு. இவரு மட்டும் என்ன பாவம் பண்ணாரு?”

சிரித்துக்கொண்டே சிலையின் வயிற்றைத் தடவினார். கையை எடுத்தபோது பசை பிரிவதுபோல ஒரு சத்தம். மரத்துக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய நூல் ஒன்று இழுபட்டு அறுந்தது. அந்தக் கையை அவர் வெள்ளை அங்கிக்குள் விட்டுக்கொண்டார்.

“போய்க் கையைக் கழுவுங்க.”

“கழுவினா மருந்து போயிடும் கினுயோ.”

அன்று மாலை மலையடிவார விடுதியில் மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டார். நான்கு மாதமாகக் கஞ்சியையே வாந்தி எடுத்தவர். விடுதிக்காரம்மா மறுபடி மறுபடி பரிமாறினாள். “அண்ணனுக்கு என்னமா பசிக்குது பாருங்க!” கினுயோ மட்டும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட குச்சிகள் அவற்றில் ஒட்டியிருந்தன. உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

குளியலறையில் முதுகு தேய்த்துவிட்டாள். சோப்பு நுரைக்கவில்லை. எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் அந்தத் தலையணை வாடை போகவில்லை.

“கட்டியே இல்ல கினுயோ. தொட்டுப் பாரு.”

தொட்டாள். கட்டி இல்லைதான். சோறு செரிக்கும் சத்தமும் இல்லை, மூச்சின் ஏற்ற இறக்கமும் இல்லை. விரல் பதிந்த குழி மெழுகில் பதிந்ததுபோல அப்படியே நின்றது. வெளியே ஓடினாள்.

விடியற்காலையில் விழித்தபோது பக்கத்துப் படுக்கை காலி. அவர் படுத்திருந்த இடத்தில் விரிப்பு மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருந்தது. முன்கூடத்தில் பேச்சுக் குரல்கள்.

கெய்சோ சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே, விடுதியில் தங்கிய யாத்ரீகர்கள் வெள்ளை அங்கியோடு வரிசையாக நின்றார்கள். விடுதிக்காரம்மா முதல் ஆள். அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுத் தன் முழங்காலைத் தேய்த்தாள்.

“நேத்துக் கிண்ணம் வாங்கறப்போ அண்ணன் கை பட்டுச்சு. என் மணிக்கட்டு வலி போன இடம் தெரியல. இப்போ காலும் சரியாயிடுச்சு!”

“விடுங்க அவரை! அவர் என் புருஷன்!”

“வரிசையில வாங்கம்மா. எல்லாருக்குந்தான் நோவு.”

இருமல்காரர் ஒருவர் நெஞ்சைத் தேய்த்தார். அடுத்தவருக்குக் கண் மங்கல். கட்டைவிரலை கெய்சோவின் இமைமேல் வைத்தார். அழுத்தினார். பாலாடைபோல இமை சுருண்டு விரலோடு வந்தது. ரத்தம் இல்லை. அதை அப்படியே தன் கண்ணில் அப்பிக்கொண்டார்.

கெய்சோ அசையவில்லை.

“சுகமா இருக்கு கினுயோ.”

 

மூக்கு பாதி போயிருந்தது. கன்னம் பளபளத்தது. கைகள். இன்னும் கைகள்.

கன்னம் வீங்கிய பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். பல்வலி. மன்னிப்புக் கேட்பதுபோலக் குனிந்து வணங்கினாள். சிரித்துக்கொண்டிருந்த அந்த வாய்க்குள் விரலை விட்டு ஈறை நன்றாக அழுத்தித் தேய்த்தாள். பிறகு, எச்சில் நூல் அறுபடுமுன், அதே விரலைத் தன் வாயில் வைத்துச் சப்பினாள்.