காலித் தொட்டிக்குத் தீனி

செத்த மீன் மிதக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கூடத்தில் லைட்டைப் போட்டபோது சுசித்ராவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்த சிவப்பு பிளவர்ஹார்ன், தொட்டியின் அடியில் கூழாங்கற்கள்மேல் சாய்ந்து கிடந்தது. மேலே தெரிந்த இடப்பக்கத்தில், செவுளிலிருந்து வால்வரை ஒரு செதில்கூட இல்லை. நோய் கண்டு உதிர்ந்த மாதிரி இல்லை, தார் ரோட்டில் வைத்து இழுத்த மாதிரி இருந்தது. குனிந்து முகர்ந்தாள். மீன் வாடை வரவில்லை. கருகிய டயர் வாடை வந்தது.

ஏழு மணிக்கு தர்மன் போன் செய்தான். லாரி ஓட்டும் புருஷன். மாதத்தில் மூன்று நாள் இண்டூர் வீட்டில் இருப்பான், மீதி நாளெல்லாம் ரோடு.

"மீனு எப்டி இருக்குது?" எடுத்ததும் எப்போதும் அதைத்தான் கேட்பான்.

"செத்துப்போச்சுங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். நிம்மதியான சிரிப்பு. "நெனச்சேன். ராத்திரி சித்ரதுர்கா தாண்டி டயர் வெடிச்சு, வண்டி லெஃப்ட் சைடு பூரா செவுத்துல தேச்சிக்கிட்டே போச்சு புள்ள. எனக்கு ஒரு கீறல் இல்ல. வூட்டுக்கு வந்த கண்டத்த அது வாங்கிக்கிச்சு."

நான்கு வருஷத்தில் இது மூன்றாவது மீன். ஒவ்வொரு மீனும் அவனுக்கு வந்ததை வாங்கிக்கொண்டு செத்தது என்றுதான் அவன் சொல்வான். கூட ஓட்டுகிறவர்கள் வீட்டிலும் இதே பேச்சு, இதே தொட்டி. ஒன்று செத்தால் அடுத்த கண்டத்துக்குள் இன்னொன்று வந்துவிட வேண்டும்.

"ஹூப்ளில வெங்காயம் ஏத்திக்கிட்டு வியாழக்கெழம சாயங்காலம் தொப்பூர் கணவாய் எறங்கறேன். அதுக்குள்ள ஒண்ணு வாங்கி வுட்டுரு. தொட்டிய மட்டும் காலியா வுடாத."

"எனக்கு மூணு நாளா காய்ச்சலுங்க."

"மாத்திர போடு. மீனு நல்லா பெருசா பாத்து வாங்கு." வைத்துவிட்டான்.

தருமபுரியில் காஜா பாயின் கடையில் ஐம்பது மோட்டார்கள் ஒரே நேரத்தில் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாய் கையை விரித்தார்.

"இன்னைக்கே வுட்டா இதுவும் சாவும்மா. தண்ணி போரா, ஒகேனக்கல் கொழாயா?"

"ஒகேனக்கல்தான் பாய்."

"ஒரு நாள் பக்கெட்ல புடிச்சு வெச்சு ஊத்துங்க, குளோரின் போயிரும். பழைய தண்ணி ரெண்டு சொம்பு மிச்சம் வெச்சு அதுலயே பில்டர் பஞ்ச அலசுங்க. கொழாயடில காட்டிடாதீங்க. அப்பறம் தொட்டிய சும்மா ஓட வுடுங்க. தெனம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க."

"மீனே இல்லாத தொட்டிக்கா?"

"காலித் தொட்டிக்குத்தான் போடணும். அது அழுகி, கண்ணுக்குத் தெரியாத ஒரு உசுரு தண்ணில ஊறும். அது வந்தப்பறம்தான் மீனு. சனிக்கெழம வாங்க, வூட்டுக்காரரு சைஸுக்கே ஒண்ணு தரேன்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

சனிக்கிழமை. தொப்பூர் வியாழக்கிழமை; லாரிகளுக்குப் பிரேக் போகிற சரிவு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சுசித்ரா அதை யோசித்தாள். இட்லி மாவு நாளைக்கும் வருமா என்று யோசிப்பதுபோல, பதற்றமே இல்லாமல் யோசித்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம். ஹூப்ளியிலிருந்து வருகிற லாரி வீட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர் பக்கத்தில் பைபாஸில்தான் போகும். ஒருநாளும் நின்றதில்லை. பாய் சொன்னபடிதானே செய்கிறேன், நானாக எதுவும் செய்யவில்லையே. இந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. அந்த இனிப்புதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

மீனை எலுமிச்சைச் செடியடியில் புதைத்தாள். மாலையில் ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் வாயை எடுத்துவிட வேண்டும். எத்தனையோ முறை செய்த வேலைதான். அன்று எடுப்பதற்குள் ஒரு வாய் நிறையத் தொண்டைக்குள் போய்விட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. துப்பினாள், காறினாள், உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். டயர் வாடை நாக்கிலேயே நின்றது.

கல்லைக் கழுவி, கண்ணாடியைத் தேய்த்து, மறுநாள் காலை புதுத் தண்ணீர் ஊற்றி மோட்டாரைப் போட்டாள். சிவப்பு உருண்டைத் தீனி ஒரு சிட்டிகை. உருண்டைகள் மிதந்தன, மெதுவாகக் கீழே இறங்கின. தர்மன் போன் செய்து கேட்டபோது, "வுட்டாச்சுங்க" என்றாள். "நல்லா சாப்புடுதா?" என்றான். "சாப்புடுது."

சமைக்கப் போனாள். ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டதும் வயிறு நிறைந்திருப்பது தெரிந்தது. காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை. ஆனால் திம்மென்று நிறைந்திருந்தது. ஏப்பம் வந்தது. அதில் காய்ந்த இறாலின் மணம், தீனி டப்பாவின் மணம். கூடத்துக்கு வந்து தொட்டியைப் பார்த்தாள். கல்மேல் ஒரு உருண்டைகூட இல்லை. கல்லைக் கிளறிப் பார்த்தாள், பில்டரைக் கழற்றிப் பார்த்தாள், பஞ்சைப் பிழிந்தாள். எதுவும் இல்லை. தண்ணீர் துளிக் கலங்கல் இல்லாமல் நின்றது.

மத்தியானம் இரண்டு நிமிஷம் கரண்ட் போனது. மோட்டார் சத்தம் நின்றது, குமிழி நின்றது, வாசற்படியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த சுசித்ராவுக்கு மூச்சு நின்றது. மூச்சுத் திணறல்கூட இல்லை. இழுக்க வேண்டும் என்பதே நெஞ்சுக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. தெரு வெளிச்சம் ஓரத்தில் கறுத்துக்கொண்டு வந்தது. கரண்ட் வந்தது. உள்ளே முதல் குமிழி வெடித்தது. அவளுக்குள் காற்று வந்தது.

பக்கத்து வீட்டு பானுமதி கட்டைச் சுவர்மேல் எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, கண்ணு இப்டி முழிக்கறீங்க? இமைக்கவே மாட்டேங்கறீங்க?"

"காய்ச்சலு" என்றாள் சுசித்ரா.

"அண்ணன் ஊர்ல இல்லன்னா ஒடனே காய்ச்சல் வந்துருமே" என்று சிரித்துக்கொண்டே பானுமதி உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி தோல் காய்ந்தது. சொறிந்த இடத்தில் நகத்தோடு சின்னச் சின்னதாக வட்டத் துண்டுகள் வந்தன. மெல்லியவை, விளக்கில் மின்னின. விடியும்வரை பாத்ரூமில் உட்கார்ந்து சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டாள். ஊற்றும்போது மட்டும் நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை தீனி போடக் கூடாது என்று முடிவு செய்தாள். பதினொரு மணிக்குப் பசி வந்தது. சோற்றுக்கு அந்தப் பசி அடங்கவில்லை. பிசைந்து வாயில் வைத்தால் வெளியே வந்தது. நான்கு மணிக்கு டப்பாவைத் திறந்தாள். தண்ணீரில் ஒரு சிட்டிகை விழுந்தது. கண்முன்னால் ஒவ்வொரு உருண்டையாக இல்லாமல் போனது. அவள் தொண்டை ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கியது.

அப்போதுதான் புரிந்தது, தொட்டி காலியாக இல்லை என்று.

பாயைக் கூப்பிட்டாள். "எதுனாலும் குடுங்க பாய். சின்னதா இருந்தாலும் பரவால்ல, இப்பவே வரேன்." குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "அலோ, யாரு? அலோ?" என்று பாய் இரண்டு முறை கத்திவிட்டு வைத்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். படி தாண்டியதும் மோட்டார் சத்தம் காதுக்கு எட்டவில்லை. நெஞ்சு நின்றது. தவழ்ந்து திரும்பி வந்தாள்.

தர்மனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான்.

ஐந்தரை. பைபாஸைத் தாண்டியிருப்பான்.

ஆறு. கூடம் இருட்டியது. தொட்டி வெளிச்சம் மட்டும். தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கருகிய வாடை. முதலில் லேசாக. பிறகு கனமாக. பிரேக் கட்டை எரியும் வாடை. அது தொட்டியிலிருந்து வரவில்லை. அவள் மூச்சிலிருந்து வந்தது.

ஏதோ சரிவில் இறங்கியது. வேகம். இன்னும் வேகம். உட்கார்ந்த இடத்திலேயே வயிறு முன்னால் தள்ளியது. எதையாவது பிடிக்கத் தேடினாள். வழவழப்புத் தரை.

பிறகு அடி.

சத்தமே இல்லை. விலா உள்ளே போனது. சரிந்தாள். ஒரு பக்கமாக.

போன் அடித்தது. விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மூக்கால் தேய்த்தாள்.

"சுசி! பிரேக்கு போயிருச்சு சுசி! முன்னால டேங்கரு நிக்கிது, நேரா அது மேல போறேன்… செத்தேன்னு கண்ண மூடிட்டேன். யாரோ குறுக்க வுழுந்து தடுத்த மாதிரி நின்னுருச்சு! ஒரு கீறல் இல்ல! ரோட்ல நின்னு நடுங்கிக்கிட்டு இருக்கறேன் புள்ள."

அவள் வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

"மீனு? மீனு போயிருச்சா?"

அவள் உடம்பு தரையிலிருந்து எழும்பி விழுந்தது.

பட்.

"அது என்னா சத்தம்? தரைல துள்ளி வுழுந்துருச்சா?"

பட்.

"எடுத்துத் தொட்டில போடாத. வுட்டுரு. அது வாங்கிக்கிச்சு. முழுசா போவட்டும்."

பட்.

அவன் போனை வைக்கவில்லை. லாரிகளின் ஹாரன் கேட்டது. யாரோ அவனுக்கு டீ கொடுத்தார்கள், அவன் உறிஞ்சுவது கேட்டது.

"இன்னுமா சாவல அது?" என்றான்.

தொட்டியின் வெளிச்சம் இமைக்காத அவள் கண்ணில் நின்றது.

பட்.