இடது பக்கத்துப் பல்

பல் டாக்டர் அந்தப் பழைய வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது நல்ல மத்தியான வெயில். ஆனால் கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வந்த காற்று சில்லென்று இருந்தது. பூட்டியே கிடந்த அறையின் வாடை. கூடவே, படம் கழுவுகிற மருந்தின் புளிப்பு. டாக்டருக்கு அந்தப் புளிப்பு அத்துப்படி. பல் எக்ஸ்ரேயைத் தொட்டியில் முக்கிக் கழுவிய காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர் அவர்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபது வயசு இருக்கலாம். ஊரில் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவரின் மனைவி. அவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"உள்ள வாங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே விளக்கைப் போட வலது பக்கச் சுவரைத் தடவினாள். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. சுவிட்சு இடது பக்கம்.

"இந்த வீட்டுக்குப் புதுசாம்மா?"

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இங்கதான். என்னமோ, இன்னும் பழகல" என்றாள் அம்மாள், சிரிக்காமல்.

அவர் விலைக்கு வாங்க வந்த கேமரா மேசைமேல் ஒரு துண்டுக்குள் இருந்தது. ரெட்டைக் கண்ணு கேமரா. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால், உள்ளே சதுரமாக ஒரு மங்கல் கண்ணாடி. எதிரே இருப்பது அதில் இடம் வலம் மாறித் தெரியும். அந்தக் காலத்துச் சமாசாரம். ஒரு கீறல் இல்லை, ஒரு பூஞ்சை இல்லை. டாக்டருக்கு வாயில் எச்சில் ஊறியது.

அவர் அதைத் தூக்கியதும் அம்மாள் சட்டென்று விலகினாள். லென்ஸ் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். கடிக்கிற நாயைக் கையில் பிடித்திருப்பவனைப் பார்ப்பது போலத்தான் அவரைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க படம் எடுக்கறவரா, அலமாரில வைக்கறவரா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. "அலமாரிதாம்மா. துடைச்சு வச்சு அழகு பாக்கற ஆள் நான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஃபிலிம் மட்டும் போட்டுடாதீங்க."

"போட்டா என்னம்மா ஆகும்?"

"வேணாம்னா விட்டுடுங்களேன் தம்பி."  அவர் கேமராவை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது வாசல்வரைகூட வரவில்லை.

அன்றைக்கு அவர் சொன்னதில் பொய் இல்லை. காலம்தான் அவரைப் பொய்யனாக்கிவிட்டது. பழைய கேமரா சேர்க்கிறவர்கள் என்றால் ஒரு காலத்தில் நாலு கிழடுகள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசகசாலையின் பின்னறையில் கூடுவார்கள். மெல்லிய துணியால் துடைப்பார்கள், ஒரு தரம் 'க்ளிக்' என்று தட்டிவிட்டு ஆகா ஓகோ என்பார்கள், காபி குடித்துவிட்டுக் கலைவார்கள். மற்ற ஜனம் கேமராவை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இப்போதோ தலைகீழ். போனில் படம் எடுத்துச் சலித்துப்போன பிள்ளைகள் எல்லாம் ஃபிலிம் ஃபிலிம் என்று அலைகிறார்கள். இணையத்தில் ஒரு கேமரா வந்தால் அடிதடி. வாங்கியவுடன் அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னையே ஒரு படம். டாக்டருக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "எதுக்கு எதிர்ல நிக்கறோம்னு பாக்காம எடுக்கறவனுக்கெல்லாம் எதுக்குடா கேமரா?" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுக் கேமராவைக் கூட்டத்தில் காட்டினார். தலைமுடிக்கு நீலச் சாயம் போட்ட ஒரு பெண் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சூப்பர் அங்கிள்! இதுல எடுத்த படம் எங்க?"

"எடுக்கலம்மா."

"ஐயோ. ஃபிலிம் ஓடாத கேமரா வெறும் பேப்பர் வெயிட் அங்கிள்!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அதில் துருவும் சேர்ந்து சிரித்ததுதான் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. துரு என்பது அவருடைய பழைய கூட்டாளியின் பட்டப்பெயர். அந்த மனுஷனிடம் இருந்த கேமராக்களின் லட்சணம் அப்படி. அவனே இப்போது கழுத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு திரிகிறான். "மானத்தை வாங்காதேய்யா, ஒரு ரோலைப் போடு" என்றான். டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தார். ஃபிலிமைப் போட்டார். சத்தியமாவது ஒண்ணாவது.

பால்கனியில் நல்ல வெளிச்சம். "குட்டி, இங்க வா. அப்பாவைப் பாரு."

குட்டி இரண்டாம் வகுப்பு. ஒரே மகள். முன்பல்லுக்கு அடுத்த பல்லை, மேலே இடது பக்கம், அப்பாவே வலிக்காமல் எடுத்துவிட்டிருந்தார். ஓட்டை தெரிய இளித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் குனிந்து மங்கல் கண்ணாடியைப் பார்த்தார். அதில் ஓட்டை வலது பக்கம் தெரிந்தது. தெரியத்தான் செய்யும்.

க்ளிக்.

எதிரே இருந்த குட்டி தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்துவிட்டாள்.

கண்ணாடியில் இருந்த குட்டி நகரவில்லை.

ஒரு நொடிதான். அப்புறம் கண்ணாடியில் வெறும் பால்கனி. கண் அசதி என்று டாக்டர் மூடியைச் சாத்தினார்.

சாயங்காலம் அவர் மனைவி கடைக்குப் போய்விட்டு வந்ததும் கேட்டாள், "என்னங்க, இவ ஏன் செருப்பைக் கால் மாத்திப் போட்டுக்கறா?"

"விளையாடறா."

சாப்பிடும்போது கரண்டி இடது கையில். குளியலறைக்குப் போனவள் கதவு இல்லாத பக்கம் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். அழவில்லை. சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த தடவல் அது. 

காலையில் பல் தேய்த்துவிடும்போது, "ஆ காட்டு" என்றார்.

ஓட்டை வலது பக்கம் இருந்தது.

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். விரலால் தடவினார். இடது பக்கத்தில், அவர் கையாலேயே எடுத்த இடத்தில், பல் கெட்டியாக நின்றது. எடுத்த பல்லைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஓடிப்போய் எடுத்துப் பார்த்தார். இடது பக்கத்துப் பல்தான். பல் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. எந்தப் பல் எந்தப் பக்கம் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார்.

"என்னப்பா?" என்று குட்டி அவரைக் கட்டிக்கொண்டாள்.

நெஞ்சோடு நெஞ்சு பட்டது. அவளுடைய நெஞ்சு வலது பக்கம் துடித்தது.

அவருக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. பிள்ளையை மெதுவாக விலக்கினார். அவள் சிரித்தாள். குட்டியின் சிரிப்பேதான், பக்கம் மட்டும் மாறியிருந்தது.

குட்டிக்குப் பள்ளி லீவு. மனைவி பேங்க் வேலைக்குக் கிளம்பிப் போனாள். அவளிடம் என்னவென்று சொல்வது? நம்ம பிள்ளை நம்ம பிள்ளை இல்லைன்னா? பேயறைந்தவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் கேட்டது.

டக். டக்.

மேசைமேல் இருந்த கேமராவிலிருந்து. நகத்தால் கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி, ரொம்பச் சின்னச் சத்தம்.

மூடியைத் திறந்தார். லென்ஸ் வெறும் சுவரைப் பார்த்திருந்தது. கண்ணாடியில் சுவர் இல்லை. அதில் பால்கனி தெரிந்தது. குட்டி, நேற்றைய சட்டையோடு, கண்ணாடிக்கு அடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். வாய் 'அப்பா, அப்பா' என்று அசைந்தது. சத்தம் வரவில்லை.

டக். டக். டக்.

"ஐயோ, என் தங்கமே!"

பக்கத்து வீட்டில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கார் ஓட்டினார். எந்த சிக்னலில் நின்றார், எதில் நிற்கவில்லை என்று அவருக்கே தெரியாது.

ஸ்டூடியோக்காரரின் மனைவி கதவைக் கால்வாசிதான் திறந்தாள். கேமராவைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"போட்டுட்டீங்களா?"

"என் பொண்ணும்மா..."

"அந்த லென்ஸை அந்தப் பக்கம் திருப்புங்க. முதல்ல திருப்புங்க!"

திருப்பினார். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் கிசுகிசுவென்று வந்தது.

"ஃபிலிமை வெளிய எடுக்கலையே?"

"இல்ல."

"எடுத்துடாதீங்க. எங்க வீட்டுக்காரர் எடுத்தார். கழுவிப் பாத்தா ஏதாவது புரியும்னு. எடுத்ததும் தட்டற சத்தம் நின்னு போச்சு."

டாக்டருக்கு மெல்லத்தான் புரிந்தது. வலது சுவரைத் தடவிய கை. இன்னும் பழகல என்ற குரல்.

"அப்போ நீங்க..."

"நல்லாத்தான் வச்சிருந்தார் தம்பி. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா கடைசிவரைக்கும் ஒரு நாள்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடல." என்றவள் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். "அதே ஃபிலிம்ல, உங்க வீட்ல இருக்காளே, அவளை மறுபடி எடுங்க. அவ உள்ள போவா. உங்க பொண்ணு வெளிய வந்துடுவா."

"நிச்சயமாவா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அங்கேர்ந்து வந்தவளுக்குத் தெரியாதா?"

கதவு சாத்திக்கொண்டது.

பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து தாழ் போட்டார். தெருவில் பழைய பேப்பர்காரனின் குரல், எங்கேயோ பிரஷர் ஏறுகிற குக்கர். பகல் பகலாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அவர் கையில் கேமராவைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்பா."

"ஒண்ணும் ஆகாது. ஒரே ஒரு படம்."

"அங்க ஜன்னல் இருக்குப்பா. ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே இல்லப்பா." குட்டியின் அதே குரல். கண்ணில் நிஜத் தண்ணீர். "நான் சமத்தா இருப்பேன். வலது கையாலயே சாப்பிடறேன். என்னை அனுப்பாதீங்கப்பா."

 பெற்றவனுக்குத் தாங்குகிற அழுகையா அது? கை தாழ்ந்தது.

டக். டக். இந்தத் தடவை சத்தம் பலவீனமாக இருந்தது.

கை மறுபடி உயர்ந்தது.

அவள் ஓடினாள். கூடம், சமையலறை, கடைசியில் படுக்கையறை. வேறு வழி இல்லை. அம்மாவின் துணி அலமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர் குனிந்து மங்கல் கண்ணாடியைப் பார்த்தார். படம் கலங்கலாக இருந்தது. குமிழைத் திருகினார். பல் டாக்டர் எதைப் பார்ப்பார்? பல்லைத்தான் பார்த்தார். அந்த ஓட்டை கூர்மையாகத் தெரிகிறவரை திருகினார். மற்ற எதையும் பார்க்கவில்லை.

ஓட்டை தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிகிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் தலைக்கு மேலே, மங்கல் கண்ணாடியில், இன்னொருவரும் இருந்தார். குனிந்த தலை. நெஞ்சுக்கு நேராக ஒரு கேமரா.

துணி அலமாரிக் கதவில் ஆளுயர நிலைக்கண்ணாடி.

விரல் அதற்குள் அழுத்திவிட்டது.

க்ளிக்.

டாக்டர் நிமிர்ந்தார். அவள் அதே இடத்தில் நின்றாள். வாயைப் பார்த்தார். ஓட்டை வலது பக்கம்தான் இருந்தது.

பலிக்கவில்லை. பலிக்கவில்லையே, கடவுளே!

பேப்பர்காரனின் குரல் நின்றுபோயிருந்தது. குக்கர் சத்தமும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எண்கள் எல்லாம் திரும்பி நின்றன. முள் பின்பக்கமாக நகர்ந்தது.

ஜன்னலைப் பார்த்தார்.

வெளியே ஒன்றுமே இல்லை.

"சொன்னேன்ல அப்பா" என்றாள் அவள். "அப்போ தனியா இருந்தேன்."

தலைக்கு மேலே வெளிச்சம் வந்தது. கூரை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய சதுரமாக வெளிச்சம். அதில் ஒரு முகம் குனிந்து பார்த்தது. தினமும் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிற அவருடைய முகமேதான். வகிடுகூடக் கண்ணாடியில் தெரிகிற பக்கமே இருந்தது.

அந்த வெளிச்சத்திலிருந்து குட்டியின் குரல் கேட்டது, விம்மி விம்மி.

"அப்பா! நான் எவ்வளவு நேரம் தட்டினேன் தெரியுமா?"

வந்துவிட்டாள். அவருடைய குட்டி வெளியே போய்விட்டாள். டாக்டருக்கு அந்த நேரத்திலும் சந்தோஷமாக இருந்தது. 'குட்டி!' என்று கத்தினார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. எம்பி, அந்த வெளிச்சச் சதுரத்தை நகத்தால் தட்டினார்.

மேலே அவள் யாரையோ கட்டிக்கொள்கிற சத்தம். அழுகை மெல்ல அடங்கியது. அப்புறம், சந்தேகத்தோடு:

"அப்பா... உங்க நெஞ்சு ஏன் இந்தப் பக்கம் அடிக்குது?"

 அந்த முகம் குனிந்து டாக்டரையே பார்த்தது. இடது கை மூடியை நோக்கி வந்தது.

"பயப்படாத குட்டி" என்றது அவருடைய குரல். "இனிமே இதுல யாரும் படம் எடுக்க மாட்டாங்க. இது அலமாரிலதான் இருக்கும்."

மூடி சாத்திக்கொண்டது. இருட்டில், எங்கேயோ தூரத்தில், கேமரா அலமாரியின் கண்ணாடிக் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு சின்னக் கை வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.