பேத்தை மீன் விஷத்துக்கு அடங்காத சீவல்

ஒலிபெருக்கி வாயை மூடியிருக்க வேண்டும். அதற்கான வேலையைச் சுதபா லாஹிரி மூன்று மணிக்கே முடித்திருந்தாள்: மூளைச் சீவல் கிடக்கும் கிண்ணத்துக்குள் ஓடும் உப்புநீரில் பேத்தை மீனின் விஷத்தைக் கலந்துவிட்டாள். அந்த விஷம் பட்டால் எந்த நியூரானும் மூச்சுவிடாது. சீவலில் செருகிய கண்ணாடி ஊசி வழியாக ஒலிபெருக்கிக்கு வரும் பொரிச் சத்தம் நனைந்த பட்டாசு மாதிரி அணைந்துபோகும். அணைந்தும் போனது. இருபது நிமிஷம் கழித்து, சால்ட் லேக் நகர்ப்பகுதியின் மேல் கருமேகம் இறங்கிப் பட்டப்பகலிலேயே ஜன்னல்கள் இருட்டிய நேரத்தில், ஒலிபெருக்கி மறுபடி பேசியது. பொரிச் சத்தம் இல்லை. தொம். சற்று நேரம் ஒன்றுமில்லை. தொம். ஈர மூட்டையை யாரோ தூக்கித் தூக்கித் தரையில் அடிப்பது மாதிரி.

"பரிதோஷ்தா, குழாயைக் கொஞ்சம் பாருங்க. மருந்து இறங்குதா?"

"இறங்குது தீதி. பாட்டில் பாதி காலி. இதுக்கு மேல ஊத்தினா நாந்தான் மேல போவேன்." பரிதோஷ் பதினேழு வருஷமாக அந்த ஆய்வகத்தின் உதவியாளர்; அவளுக்கு அவர் 'தா', அண்ணன்; அவருக்கு அவள் 'தீதி', அக்கா. வாசல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, கடுகெண்ணெய் மணக்கும் மசாலாப் பொரியை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

சீவல் நிதாய் மண்டலுடையது. பான்தலா தோல் தொழிற்சாலையில், சுண்ணாம்புக் குழியில் இறங்கிப் பச்சைத்தோல் புரட்டுகிறவன். தீராத வலிப்புக்காகப் பொட்டு எலும்பைத் திறந்து, மூளையில் சுண்டுவிரல் நுனியளவு வெட்டி எடுத்திருந்தார்கள். ஆய்வுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கப் போன அன்று அவன் மனைவி ஷெஃபாலி, முக்காட்டை விலக்கிக் காட்டினாள். இடது காது இருந்த இடத்தில் சுருங்கிய தோல்தான் இருந்தது.

"மத்தவங்க மாதிரி அவரு கீழ விழ மாட்டாரும்மா. நிப்பாரு. கையில கிடைச்சதை வச்சு அடிப்பாரு. 'பச்சைத்தோல் வாசம் வருது, ஓடிடு'ன்னு அவரே சொல்லுவாரு. நானும் ஓடிடுவேன். அன்னிக்குக் கதவு பூட்டியிருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெட்டினதை எரிச்சுடுவீங்கல்ல?"

"எரிச்சுடுவோம்," என்று சொல்லியிருந்தாள் சுதபா. இன்றோடு பதினோரு நாள். நிதாய் இப்போது குழந்தை மாதிரித் தூங்குகிறானாம். அவனிடமிருந்து வந்த ஆறு சீவல்களும் ஆறு கிண்ணங்களில் உயிரோடு இருந்தன.

அவள் நுண்நோக்கியில் குனிந்தாள். நியூரான்கள் செத்த விளக்குகளாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றியிருந்த கிளியா செல்கள் கிடக்கவில்லை. வெறும் பசை என்று ஒரு காலத்தில் எல்லோரும் ஒதுக்கிவைத்த செல்கள். மின்சாரம் தெரியாது, ரசாயனம்தான் அவற்றின் பேச்சு. ஒரு துளியைக் கசியவிட்டு, அருகிலிருக்கும் நியூரானை உசுப்பிவிடும். அந்த ஒரு துளிக்காக ஒன்பது வருஷம் செலவழித்தவள் அவள். சாயம் ஏற்றிய நட்சத்திர வடிவச் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாக ஒளிர்ந்தன. ஒளி ஓர் ஓரத்தில் கிளம்பி மறு ஓரம் வரை அலையாக ஓடியது. அலை கரையைத் தொட்டதும், தொம்.

பக்கத்து நுண்நோக்கியின் கீழ் இரண்டாவது கிண்ணத்தை எடுத்து வைத்தாள். தனி மூடி, தனி நீர். அலை ஓடியது. கரையைத் தொட்டது. அதே நொடியில் முதல் கிண்ணத்தின் ஒலிபெருக்கி தொம் என்றது.

மூன்றாவதும் அப்படியே.

நீர் வழியாக இல்லை என்றால் எதன் வழியாக? இந்த அறையில் எல்லோருக்கும் பொதுவானது காற்று மட்டும்தான். அவள் கை தானாகவே மூக்கைப் பொத்தியது.

"தீதி," என்றார் பரிதோஷ். "பச்சைத்தோல் வாசம் வருது."

ஷெஃபாலி சொன்னதைச் சுதபா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவர் எழுந்து நின்றிருந்தார். வாயில் மெல்லாத பொரி. கண் இமைக்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் இரும்பு ஸ்பேனர் கையில் இருந்தது.

"பரிதோஷ்தா, வெளிய போங்க. நான் சொல்றேன்ல, வெளிய..."

தொம். ஜன்னல் கண்ணாடி சிதறியது. தொம். நுண்நோக்கி. தொம். அவள் இடது தோள். எலும்பு முறிந்த சத்தம் வலிக்கு முன்னால் வந்தது. மேஜைக்கு அடியில் தவழ்ந்தாள். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். அமைதி. ஸ்பேனர் நிற்கவில்லை. ஒரே சீரான இடைவெளி. மேஜைப் பலகை அவள் தலைக்கு மேல் பிளந்தது.

கொட்டிக் கிடந்த உப்புநீரில் அவர் கால் வழுக்கியது. விழுந்தார். ஸ்பேனர் உருண்டு அவள் முழங்காலில் இடித்தது. எடுத்தாள். ஒரு அடி, அவ்வளவுதான், அவரை நிறுத்த. நெற்றியில் விழுந்தது.

அவர் இமைத்தார். ஒருமுறை. இருமுறை. வாயிலிருந்து பொரியைத் துப்பினார்.

"தீதி? எனக்கு என்ன ஆச்சு? ஏன் ரத்தம்?"

போய்விட்டது. அவரை விட்டுப் போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது. அழ வாயைத் திறக்கப் பார்த்தாள். தாடை திறக்கவில்லை.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. சுண்ணாம்பில் வெந்து மயிர் கழன்ற தோல். மூக்கில் இல்லை. மூக்குக்குப் பின்னால், வெகு உள்ளே.

அவள் கை ஸ்பேனரோடு உயர்ந்தது.

"தீதி, நான்தான். பரிதோஷ். எனக்கு ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு. கீழ போடுங்க தீதி. தீதி..."

விழுந்தது.

அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அவர் முகத்தைத் தடுத்த விரல்கள். அவற்றில் ஒட்டியிருந்த கடுகெண்ணெய். இடைவெளியின் நீளம். கையை நிறுத்தச் சொன்னாள். தனக்குள்ளேயே கத்திச் சொன்னாள். உயர்ந்தது. விழுந்தது. அவர் கூப்பிடுவதை நிறுத்திய பிறகும் உயர்ந்தது.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். காவலாளி பங்கஜ். "தீதி, கண்ணாடி உடைஞ்ச மாதிரி கேட்டுச்சே? பரிதோஷ்தா? உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

அவள் திரும்பினாள். திரும்ப நினைக்கவில்லை. கால்கள் திரும்பின. வராதே என்று சொல்ல நாக்கு பற்களுக்குப் பின்னால் முட்டி மோதியது.

பூட்டில் சாவி நுழைந்தது.

"இருங்க தீதி, நான் திறக்கறேன்."

கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. தாழ்வார வெளிச்சம் ஒரு பட்டையாக ஈரத் தரையில் விழுந்து, பரிதோஷின் கையைத் தாண்டி, அவள் பாதம் வரை வந்தது. கை உயர்ந்து நின்றது. இடைவெளி முடிவதற்காகக் காத்திருந்தது.